மேலக் காத்து நாற்பது

கேள்வி இரண்டே வரிதான். நான் விட்டுவிட்டு வந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் திவ்யா வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். “சார், உப்பூர் – மலையூர் சர்வீஸை மறுபடியும் ஆரம்பிக்கிறாங்க. தூரம், பறக்குற நேரம் ரெண்டுக்கும் சாஃப்ட்வேர் ஒரு நம்பர் தருது. நீங்க கையால கணக்குப் போட்ட காலத்துல எவ்வளவு போடுவீங்க? நம்ம ஆபீஸ் இதழுக்கு நாலு வரி எழுதித் தாங்க.”

நாலு வரியில் முடிகிற ஆள் நான் இல்லை என்பது திவ்யாவுக்குத் தெரியும். நான் ஓய்வு பெற்ற அன்று “ரெண்டு வார்த்தை பேசுங்க” என்று மைக்கைக் கொடுத்தவர்களால், சமோசா ஆறி விறைத்த பிறகுதான் அதைத் திரும்ப வாங்க முடிந்தது.

உப்பூர், மலையூர் என்பவை நான் வைத்த பெயர்கள். நிஜப் பெயரைப் போட்டால் அந்த ஊர்க்காரர்கள் என்னைத் தேடி வருவார்கள். ஒளிந்துகொள்ள எங்கள் பழவேற்காடு ஏரிக்கரையில் மரம் கிடையாது, சீமைக்கருவேல முள்தான். உப்பூர் எங்கள் ஏரிக்கு வடக்கே, இரண்டு மணி நேர பஸ் பயணத்தில், உப்பளத்தை ஒட்டிய ஒரு குட்டி விமான நிலையம். மலையூர் அங்கிருந்து நேர் மேற்கே, மலையடிவாரத்தில் இன்னொரு குட்டி. இரண்டையும் சேர்த்தால்கூட சென்னை விமான நிலையத்தின் கார் நிறுத்துமிடத்தில் பாதி தேறாது.

என் வேலைக்குப் பெயர் டிஸ்பேட்சர். விமானம் கிளம்பும் முன் அது போகிற பாதை, காற்று, எரிபொருள், போன இடத்தில் இறங்க முடியாவிட்டால் வேறு எங்கே இறங்குவது, எல்லாவற்றையும் கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுத வேண்டும். அதில் நானும் கேப்டனும் கையெழுத்துப் போட்டால்தான் சக்கரம் நகரும். எங்கள் குப்பத்தில் இதை விளக்கி முடிப்பதற்குள் எனக்குக் கல்யாணமே முடிந்துவிட்டது. “பஸ் ஸ்டாண்டுல விசில் ஊதுறாரே டைம் கீப்பரு, அது மாதிரி” என்று என் மச்சான் சுருக்கமாகச் சொல்லிவிட்டான். அதற்கு மேல் சரியான விளக்கத்தை இன்றுவரை நானும் கண்டுபிடிக்கவில்லை.

இத்தனைக்கும் விமானத்தில் ஏறினால் எனக்கு வாந்தி வரும். படகில் ஏறினாலும் வரும். மீன் பிடிக்கிற வீட்டில் பிறந்தவனுக்கு வரக்கூடாத வியாதி இது. ஏரியில் அலையே இல்லாத இடத்தில் நான் வாந்தி எடுத்ததைப் பார்த்த என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, “இவன படிக்க வெச்சிடலாம், வலைக்கு ஆகமாட்டான்” என்று அம்மாவிடம் சொன்னார். என் கல்விக்கு அடித்தளம் போட்டது என் வயிறு.

வேலைக்கான நேர்முகத் தேர்வில் மேஜைக்குப் பின்னால் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் குறிப்பெடுக்க ஓர் இளம்பெண். நடுவில் இருந்தவர் கேட்டார், “ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு விமானம் ஒரு மணி நேரத்தில் போகிறது. அதே விமானம், அதே வேகம். திரும்பி வர எவ்வளவு நேரம்?”

நான் கொஞ்சமும் யோசிக்காமல், “எந்த மாசம் சார்?” என்றேன்.

மூன்று பேரும் சிரித்தார்கள். ஒருவருக்குப் புரையேறித் தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று. நான் ஜோக் அடிக்கவில்லை. எங்கள் குப்பத்திலிருந்து முகத்துவாரத்துக்குப் பாய் கட்டிப் போனால் வாடைக்காற்று மாதத்தில் ஒரு மணி நேரம். அதே நாள் திரும்பி வர மூன்று மணி நேரம், கை வலிக்கக் கோல் ஊன்ற வேண்டும். போகிற தூரம் வேறு, வருகிற தூரம் வேறு என்றுதான் நான் வளர்ந்தேன். மாதத்தைச் சொல்லாமல் ஒருவர் நேரத்தைக் கேட்டால் எங்கள் பக்கம் அவரை வெளியூர்க்காரர் என்பார்கள்.

மூலையில் இருந்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. நான் சொன்னதை எழுதிக்கொண்டு அடியில் ஒரு கோடு போட்டார். அவர்தான் கமலவேணி. பிற்பாடு எனக்கு மேலதிகாரி, கமலவேணி மேடம். என்னைவிட மூன்று வயது மூத்தவர். நிதானத்தில் முப்பது வயது மூத்தவர்.

பயிற்சிக் காலத்தை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன், அதற்கு மேல் சொல்ல அதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை. ஆபீஸ் கடிகாரம் லண்டன் நேரம் காட்டும். விமானத் தொழிலில் உலகம் முழுக்க ஒரே நேரம்தான். இது தெரியாமல் முதல் நாள் கடிகாரம் ஒரு மணி காட்டியதைப் பார்த்து, நம்மூர் மாலை ஆறரை மணிக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பினேன். கேண்டீனில் பெஞ்சைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நாட்டிகல் மைலும் ரோட்டு மைலும் ஒன்று என்று நினைத்து ஒரு பயிற்சித் தாளில் எரிபொருள் போதாமல் விமானத்தைக் கடலில் இறக்கினேன். மீன்காரன் பிள்ளை கடலில்தான் இறக்குவான் என்று கூட இருந்தவர்கள் ஆறு மாதம் சொன்னார்கள்.

அந்த நாட்களில் என்னை உறுத்திய ஒரு கேள்வி இன்றும் உறுத்துகிறது. எங்கள் குப்பத்தில் யாரிடமாவது “ஆரம்பாக்கம் எவ்வளவு தூரம்?” என்று கேளுங்கள். “முக்கால் மணி நேரம்” என்பார்கள். தூரத்தைக் கேட்டால் ஏன் நேரத்தைச் சொல்கிறார்கள்? தூரம் மாறாதது, நேரம் மாறுவது என்று பாடத்தில் படித்தேன். வேலைக்கு வந்த பிறகு பார்த்தால் தூரமும் ஒழுங்காக இல்லை. எங்கள் ஏரிக்கு அந்தப் பக்கம் ராக்கெட் விடுகிற நாளில் வானத்தில் ஒரு பெரிய துண்டை மூடிவிடுவார்கள். விமானம் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நேற்று பக்கத்தில் இருந்த ஊர் இன்றைக்குத் தள்ளிப் போய்விடும். நேரத்திலும் மூன்று வகை. டிக்கெட்டில் போட்டிருப்பது ஒன்று, கதவு மூடித் திறக்கும் நேரம் இன்னொன்று, சக்கரம் தரையை விட்டுத் திரும்பத் தொடும் நேரம் மற்றொன்று. மூன்றும் உண்மை. மூன்றும் வேறு வேறு. பயணி வீட்டுப் பூட்டைப் பூட்டியதிலிருந்து கணக்குப் போடுவார், அதுவும் உண்மைதான்.

இந்தக் குழப்பத்தை எல்லாம் கமலவேணி மேடம் மூன்று கேள்விகளில் அடக்கிவிடுவார். நான் எந்த ஊரில் இருந்தாலும் விமானத்தை விடுவிக்கும் முன் சென்னையில் இருக்கும் அவருக்குப் போன் போட வேண்டும். அவர் ஹலோ சொல்லமாட்டார். “வாயால சொல்லு” என்பார். தாளில் எழுதிய எண்கள் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுதும்போது தெரியாத தப்பு சொல்லும்போது நாக்கில் இடறும் என்பது அவர் கண்ட உண்மை. பிறகு கேள்விகள். “காத்து எங்கிருந்து? யார் சொன்னது? முடியலைன்னா எங்க போவ?” மூன்றுக்கும் பதில் வந்தால் “ம்”. அந்த ‘ம்’மை வாங்க நான் பட்ட பாட்டில் என் மனைவியிடம் வாங்கிய சம்மதம் சுலபமாகப் போய்விட்டது.

கூடவே, எந்தக் கணக்கிலும் ஐந்து நிமிடம் கையில் மிச்சம் இருக்க வேண்டும் என்று ஒரு விதி. “நாலு நிமிஷம் இருக்கு மேடம்” என்றால், “அப்ப ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தம்” என்பார்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

ஓய்வுக்குச் சில வருடங்கள் இருந்தபோது உப்பூர் – மலையூர் சர்வீஸ் தொடங்கியது. என்னை உப்பூருக்கு அனுப்பினார்கள். அங்கே டிஸ்பேட்சர் நான்தான், பயணிகளுக்கு அறிவிப்புச் செய்பவன் நான்தான், குழாயில் தண்ணீர் வராவிட்டால் திட்டு வாங்குகிறவனும் நான்தான். மலையூரில் எங்கள் ஆள் பழனிசாமி, கோயம்புத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். பெரிய மரியாதைக்காரர். போனில் பேசும்போதுகூட எழுந்து நின்று பேசுவார் என்று கேள்வி.

மலையூரில் அப்போது ஓடுபாதை விளக்குகள் கிடையாது. பொழுது சாய்ந்தால் கடை மூடல். அதற்குப் பிறகு அங்கே விமானம் இறங்கக்கூடாது.

அது மழை மாதம். வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் தெற்கே நின்றுகொண்டிருந்தது. எங்கள் விமானம் காலையில் உப்பூருக்கு வந்து இறங்கியபோது ஒரு டயரில் வெட்டு விழுந்திருந்தது. புது டயர் லாரியில் வந்து, மாட்டி முடித்தபோது மாலை நாலு முப்பத்தைந்து. மலையூரில் அன்றைக்குச் சூரியன் மறைவது ஐந்து ஐம்பத்திரண்டுக்கு.

கணக்கு இதுதான். தூரம் நூற்று எண்பது நாட்டிகல் மைல். விமானத்தின் வேகம் மணிக்கு இருநூற்று நாற்பது. காற்றே இல்லாவிட்டால் நாற்பத்தைந்து நிமிடம். சுற்றி வந்து இறங்க இன்னும் ஆறு நிமிடம். காற்று எதிரே நாற்பது அடித்தால் வேகம் இருநூறாகிவிடும், ஐம்பத்து நாலு நிமிடம். பின்னால் இருந்து நாற்பது தள்ளினால் இருநூற்று எண்பது, முப்பத்தொன்பது நிமிடம். ஒரே தூரம், ஒரே விமானம், பதினைந்து நிமிட வித்தியாசம். எல்லாம் காற்றின் கையில்.

அந்தக் காற்று விவரம்தான் என்னிடம் இல்லை. மழையில் இணையம் செத்துப்போயிருந்தது. கையில் இருந்தது காலை வரைபடம், அதில் காற்று லேசு என்று போட்டிருந்தது. தாழ்வு மண்டலம் நகர்ந்த பிறகு அந்தத் தாள் வடை மடிக்கத்தான் ஆகும். மலையூரில் சற்று முன் வேறொரு விமானம் இறங்கியிருந்ததால், அதன் கேப்டனிடம் மேலே காற்று எப்படி என்று கேட்டுச் சொல்லும்படி பழனிசாமிக்குப் போன் போட்டேன்.

லைன் பொரியல் சட்டி மாதிரிச் சடசடத்தது. “கேட்டுட்டனுங்க சார். மேல காத்து நாப்பதுங்க. ...ண்ணூறுங்க.”

“சரி சரி” என்றேன். லைன் செத்தது.

மேலக் காத்து நாற்பது. மேலக் காத்து என்றால் எங்கள் ஊரில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று. மேற்கே போகிற விமானத்துக்கு நேர் எதிர்க்காற்று. கடைசியில் கேட்ட ‘நூறு’? நூற்றுக்கு நூறு உறுதி என்று சொல்கிறார் போலிருக்கிறது, பாவம், நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். காற்று வரும் திசையைப் பாகையில் எழுத வேண்டும். கிழக்கு தொண்ணூறு, மேற்கு இருநூற்று எழுபது. என் கையாலேயே, அழகான எழுத்தில், இருநூற்று எழுபது, நாற்பது என்று எழுதினேன்.

நாலு ஐம்பத்தைந்துக்குக் கிளம்பினாலும் எதிர்க்காற்றில் போய்ச் சேர ஐந்து ஐம்பத்தைந்து. சூரியன் மூன்று நிமிடம் முன்னதாகவே போய்விடும். விமானம் ரத்து.

ரத்து செய்ய மேடத்துக்குப் போன் போடத் தேவையில்லை, விடுவிக்கத்தான் வேண்டும். ‘போ’ என்று சொல்ல மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். ‘போகாதே’ என்று சொல்ல ஒரு கேள்விக்கும் வேண்டாம். அதனால் “யார் சொன்னது?” என்று அன்று என்னை யாரும் கேட்கவில்லை.

நாலு நாற்பத்திரண்டுக்கு மைக்கில் அறிவித்தேன். முப்பத்தோரு பயணிகள். சிலர் திட்டினார்கள், சிலர் போனில் யாரையோ திட்டினார்கள். ஒரு பெண்மணி மட்டும் நேராக என் மேஜைக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். காதில் கம்மல், நெஞ்சோடு அணைத்த ஒரு பிளாஸ்டிக் கவர். வேறு பெட்டி, பை எதுவும் இல்லை.

“இன்னா நைனா, பிளேன் இல்லியா?”

“இல்லக்கா. நாளைக்கு மத்தியானம்தான்.”

“நாளிக்கு மத்தியானம் போயி நான் இன்னா பண்ண? காலீல ஒம்பது மணிக்குப் பொண்ணுக்கு நர்சிங் காலேஜி கவுன்சிலிங்கு. ஒரிஜினல் சர்டிபிகேட்டு காட்டலன்னா அடுத்த பேர கூப்டுவாங்களாம்.”

“சர்டிபிகேட்டு பொண்ணுகிட்ட இல்லியாக்கா?”

“அது அவசரத்துல வேற கவர தூக்கிகினு போயிட்ச்சு. அதுல கீறது அவங்கப்பன் படகு மானிய பேப்பரு. ரெண்டும் ஒரே மாதிரி பச்ச கவரு.” கையிலிருந்த கவரைத் தட்டிக் காட்டினார். “படிப்பு இதுல கீது.”

அவர் பெயர் அஞ்சலை. நண்டு வியாபாரம். தெற்கே ரோட்டில் தண்ணீர், ரயில் பாதையிலும் தண்ணீர் என்பதால் வடக்கே பஸ் பிடித்து உப்பூருக்கு வந்திருக்கிறார். முதல் விமானப் பயணம். மகள் இரண்டு வருடமாகத் தேர்வு எழுதி எழுதி, இந்த வருடம்தான் பட்டியலில் பெயர் வந்திருக்கிறது. நான் என் அறிவிப்புக் குரலை விட்டுவிட்டு, புரியும்படி சொன்னேன்.

“அக்கா, அங்க லைட்டு கிடையாது. பொழுது சாஞ்சா இறங்க முடியாது. மேலக் காத்து நாப்பது அடிக்குது. எதிர்க்காத்து. அதுல போனா நேரம் பத்தாது.”

அவர் முகத்தில் இருந்த கவலை சட்டென்று போய் வேறு ஏதோ வந்தது. எங்கள் அம்மா மீனில் பொய்யான எடையைக் கண்டுபிடிக்கும்போது வருகிற முகம்.

“இன்னாது? மேலக் காத்தா?”

“ஆமாக்கா.”

“எந்த ஊரு நீ?”

“ஏரிதான்கா. ஆரம்பாக்கத்துக்குக் கீழண்ட குப்பம்.”

“ஏரிக்காரன் வாய்ல வர்ற பேச்சா இது? வெளிய வா. அட வா நைனா, மழைல கரைஞ்சிட மாட்ட.”

என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். காவலுக்கு நின்றவர் தடுக்கலாமா என்று யோசித்து, தடுக்காமல் விட்டார். வெளியே தூறல். ஓடுபாதை ஓரத்தில் காற்றின் திசை காட்டும் துணிக்குழாய் நனைந்து, காயப்போட்ட பாவாடை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. தரையில் காற்றே இல்லை.

“அத்த ஏன் பாக்குற? தலைய தூக்கு. மேகம் எங்கேர்ந்து எங்க போவுது?”

தூக்கினேன். தாழ்ந்த மேகம் ஓரிடத்தில் கிழிந்திருந்தது. கிழிசல் வழியாக உயரத்தில் இன்னொரு அடுக்கு தெரிந்தது. அது உப்பளத்தின் பக்கமிருந்து, அதாவது கடலிலிருந்து, மேற்கே மலைப்பக்கம் அடித்துப் பிடித்து ஓடிக்கொண்டிருந்தது.

“மேலக் காத்துன்னா ஊர்லேர்ந்து கடலுக்குத் தள்ளும். இது கடல்லேர்ந்து ஊருக்குத் தள்ளுது. கடக்காத்து. சின்னப் புள்ளைக்குத் தெரியும். இத்தப் படிக்கவா உனுக்கு சம்பளம் குடுக்குறான்?”

முப்பது வருடம் காற்றைக் கணக்குப் போட்டுச் சாப்பிட்டவன் நான். அன்றைக்கு ஒருமுறைகூட வெளியே வந்து வானத்தைப் பார்க்கவில்லை. மேஜைக்கு ஓடினேன். மலையூருக்கு நாலாவது முறையில் லைன் கிடைத்தது.

“பழனிசாமி, மேல காத்துன்னீங்களே, எந்த மேல?”

“மேலதானுங்க சார்.”

“மேலன்னா மேற்கா?”

“மேற்கா இருந்தா மேக்கன்னு சொல்லுவனுங்களே. மேலன்னா மேலைங்க. மோட்டுக்கு மேல, மரத்துக்கு மேல, பிளேன் போற எடத்துலைங்க.”

“அப்ப திசை?”

“அதையுந்தானுங்க சொன்னேன். தொண்ணூறுன்னு. நீங்க சரி சரின்னீங்க.”

தொண்ணூறு. கிழக்கு. லைனில் ‘தொ’ செத்துப்போய் ‘ண்ணூறு’ மட்டும் வந்திருக்கிறது. அதை நான் நூற்றுக்கு நூறு ஆக்கியிருக்கிறேன். ஒரே தமிழ். அவர் வயலில் நின்று சொன்ன ‘மேல’ வானத்தைக் காட்டியது. நான் ஏரியில் நின்று கேட்ட ‘மேல’ திசையைக் காட்டியது. இடையில் ஒரு பெண்ணின் நர்சிங் சீட்டு மாட்டிக்கொண்டது.

நாலு ஐம்பத்திரண்டுக்கு மேடத்துக்குப் போன்.

“வாயால சொல்லு.”

சொன்னேன். தூரம் நூற்று எண்பது. முப்பத்தொன்பதும் ஆறும் நாற்பத்தைந்து நிமிடம்.

“காத்து எங்கிருந்து?”

“தொண்ணூறு, நாப்பது மேடம்.”

“யார் சொன்னது?”

“அங்க இறங்கின கேப்டன், பழனிசாமி வழியா. ஆனா நான் முதல்ல இருநூத்தி எழுபதுன்னு எழுதி ரத்து பண்ணிட்டேன் மேடம்.”

“யார் திருத்தினது?”

“ஒரு பயணி.”

“என்ன பண்றவங்க?”

“நண்டு வியாபாரம் மேடம்.”

“நீ வெளிய போய்ப் பாத்தியா?”

“பாத்தேன் மேடம். இப்பத்தான்.”

“இப்பத்தானா,” என்றார். “முடியலைன்னா எங்க போவ?”

“பெங்களூர். அதுக்கும் சேத்து எரிபொருள் இருக்கு.”

“அஞ்சு நிமிஷம் கையில வேணும். எத்தனைக்குள்ள சக்கரம் தரையை விடணும்?”

“அஞ்சு ரெண்டு.”

“இப்ப மணி?”

“நாலு அம்பத்திமூணு.”

“அப்ப என்கூட ஏன் பேசிட்டு இருக்க?” போன் வைக்கப்பட்டது. ‘ம்’ கூட இல்லை. அதுதான் ‘ம்’ என்று எடுத்துக்கொண்டேன்.

கேப்டன் தாளை வாங்கிப் பார்த்தார். அடித்துத் திருத்தியிருந்த இடத்தில் விரலை வைத்தார். “கால் மணி நேரத்துக்கு முன்ன மேற்கு. இப்ப கிழக்கு. இன்னும் கொஞ்ச நேரம் நின்னா வடக்கா?” என்று கேட்டார். “பாதி வழியில காத்து நீங்க சொன்ன மாதிரி இல்லைன்னா பெங்களூருக்குத் திருப்பிடுவேன்” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சோதனை எல்லாம் முடித்து உட்கார்ந்திருந்த பயணிகள்தான். பெட்டிகளும் விமானத்திலேயே இருந்தன. ரத்து என்றதும் இறக்கியிருக்க வேண்டும், ஆனால் எங்கள் லோடர் மழை விடட்டும் என்று டீக்குப் போயிருந்தார். அவருடைய சோம்பலுக்கு நான் நன்றி சொன்னது அந்த ஒரு நாள்தான். மைக்கில் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. “எல்லாரும் ஓடி வாங்க” என்று சொன்னதாகப் பிறகு புகார்ப் புத்தகத்தில் ஒருவர் எழுதியிருந்தார். முதல் ஆளாக ஓடியது அஞ்சலையக்கா. இரண்டு கையாலும் அணைத்த பச்சைக் கவர், ஒரு காலில் மட்டும் செருப்பு.

ஐந்து ஒன்றுக்குச் சக்கரம் தரையை விட்டது.

அதற்குப் பிறகு எனக்கு வேலை இல்லை. பயம் மட்டும் இருந்தது. மலையூர் லைன் மறுபடி செத்துவிட்டது. வெளியே போய் நின்று கிழிந்த மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பார்வை நகர்ந்தால் காற்று மாறிவிடும் என்பது போல. மேகம் மேற்கே ஓடியது. ஓடட்டும், ஓடட்டும் என்று வாய்விட்டே சொன்னேன். டீ குடித்துவிட்டு வந்த லோடர் என்னைப் பார்த்துவிட்டு, சத்தம் காட்டாமல் திரும்பப் போய்விட்டார்.

ஐந்து ஐம்பத்தெட்டுக்குப் போன் அடித்தது.

“இறங்கிருச்சுங்க சார். அஞ்சு நாப்பத்தி நாலுக்கே.”

கணக்கில் போட்டதைவிட இரண்டு நிமிடம் முன்னாலேயே. “எல்லாரும் நல்லபடியா இறங்கினாங்களா?”

“இறங்குனாங்க. ஆனா ஒரு அக்கா கதவு தொறந்ததும் கவரோட ஓடுனாங்க. பஸ் ஸ்டாண்டு எங்கன்னு கேட்டாங்க. ஸ்டாண்டு மோட்டு மேல இருக்குதுங்களே, அதனால மேல போங்கன்னு சொன்னேன். அந்தம்மா நேரா மேக்கால போயி வேலிகிட்ட நிக்குதுங்க சார்.”

“ஓடுங்க பழனிசாமி! போய் மேட்டக் காட்டுங்க!” என்று கத்தினேன்.

அன்றைய தாளில் ஒரு பத்தி உண்டு: காற்று விவரம் கிடைத்த வழி. பழனிசாமி பெயரை எழுதினேன். திருத்தியதற்கும் வழி எழுத வேண்டுமே. பொய் எழுத மனம் வரவில்லை, உண்மை எழுத வெட்கமாக இருந்தது. கடைசியில், ‘பயணி, இருக்கை பதினொன்று டி, வானத்தைப் பார்த்து’ என்று எழுதிச் சென்னைக்கு அனுப்பினேன். விளக்கம் கேட்டு ஓலை வரும் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். தாள் திரும்பி வந்தது. நான் முதலில் எழுதிய இருநூற்று எழுபதைச் சுற்றிச் சிவப்பில் ஒரு பெரிய வட்டம். பதினொன்று டிக்கு எதிரே மேடத்தின் சின்ன எழுத்தில் ஒரு வரி: ‘இவருடைய போன் நம்பர் ஏன் வாங்கவில்லை?’

அதே நாள் மாலை விமானத்தில் அஞ்சலையக்கா மலையூரிலிருந்து திரும்பி வந்தார். கூட மகள், ஒல்லியாக, இரண்டு பச்சைக் கவர்களோடு. ஒன்றின் மேல் பேனாவால் ‘படிப்பு’, இன்னொன்றின் மேல் ‘படகு’ என்று எழுதியிருந்தது. கேட்காமலே தெரிந்தது, ஆனாலும் கேட்டேன்.

“சீட்டு?”

“கெட்ச்சிது. எட்டே முக்காலுக்கு உள்ள பூந்துட்டேன்.” சொல்லிவிட்டு மேஜை மேல் கையை ஊன்றினார். “அது கெடக்கட்டும். போவச்சொல்ல கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள போயிட்ச்சு. இப்போ வர்றச்சொல்ல இழு இழுன்னு இழுத்துச்சே. கடக்காத்து இன்னும் நிக்கல, அதானே?”

அன்றைய தாளைப் பார்த்தேன். திரும்பி வர ஐம்பத்து மூன்று நிமிடம் ஆகியிருந்தது. திரும்பி வர எவ்வளவு நேரம் என்று நேர்முகத் தேர்வில் என்னைக் கேட்ட கேள்விக்கு, கையில் கடிகாரம் இல்லாமல், முதல் விமானப் பயணத்திலேயே பதில் சொல்லிவிட்டார்.

“அதான்கா. நம்பர் சொல்லுங்க, எங்க மேடம் கேட்டாங்க” என்றேன்.

ஆகவே, திவ்யா, தூரம் நூற்று எண்பது நாட்டிகல் மைல், ராக்கெட் விடாத நாளில். நேரத்துக்கு அஞ்சலையக்கா நம்பரைத் தனியாக அனுப்புகிறேன். காலை பத்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள், அதற்கு முன்னால் நண்டு ஏலத்தில் இருப்பார், திட்டுவார். கேட்கும்போது மாதத்தைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.